மெஷின் படித்த ஆண்டறிக்கை

கெட்டிக்காரர்கள் நடத்தும் கம்பெனிகளைப் பற்றிப் பேப்பரில் தினமும் போடுகிறார்கள். மற்றக் கம்பெனிகளைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டாமா? அதனால் இதை நான் சொல்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் பூரணசந்திரா அப்பளம் லிமிடெட் என்று ஒரு கம்பெனி இருந்தது. பங்குச் சந்தையில் பெயர் ஏறிய கம்பெனி. அதன் செயலாளர் கோமதிநாயகம். பாவம், நல்ல மனுஷன். கம்பெனியின் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை. மாமனார் ஆவுடையப்பன் ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுவதையும் இந்தப் பங்கிலேயே போட வைத்தவர் அவர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை சந்தையை மேற்பார்க்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முதலீட்டாளர் நலனுக்காக நிதி அறிக்கைகளை நவீனமாக்குகிறார்களாம். விதிகள் மூன்று. அறிக்கையில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் அடையாளச் சீட்டு இணைக்க வேண்டும். அறிக்கையை இயந்திரம் படிக்க வேண்டும். எல்லா முதலீட்டாளருக்கும் அது ஒரே நேரத்தில், ஒரே அளவில் கிடைக்க வேண்டும். முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் செய்யாவிட்டால் கம்பெனியின் பெயர் சந்தையிலிருந்து நீக்கப்படும்.

கோமதிநாயகம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பெயர் போனால் பங்கு போச்சு. பங்கு போனால் மாமனார் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

உடனே சேர்மன் பெத்தபெருமாள் கூட்டம் போட்டார். முதல் விதி சுலபம்தான். ஆபீஸ் முழுக்க ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, எண்ணுக்கு ஒன்றாகச் சீட்டு தைத்தார்கள். ஏழுக்குப் பக்கத்தில் ‘இது ஏழு’ என்று சீட்டு. எட்டுக்குப் பக்கத்தில் ‘இது எட்டு’. நூல் வீணாகக் கூடாது என்பது சேர்மன் உத்தரவு. ஆகவே நூலை எங்கும் அறுக்காமல், முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் ஒரே நூலில் தைத்துக்கொண்டு போனார்கள்.

நடுவில் ஒரு சிக்கல் வந்தது.

“பூஜ்யத்துக்கும் சீட்டு வேணுமா வே?” என்றார் சேர்மன். “ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்குச் சீட்டு?”

“ஒண்ணுமே இல்லைன்னு முதலீட்டாளருக்குத் தெரிய வேண்டாமா அண்ணாச்சி?” என்றார் இயக்குநர் சிதம்பரதாணு. கூட்டத்தில் படித்தவர் அவர்தான், பத்தாவது வரை.

‘இங்கே ஒன்றுமில்லை’ என்று சீட்டு எழுதினார்கள். லாபக் கணக்குப் பக்கத்தில்தான் அது அதிகமாகச் செலவானது.

அடுத்து, எந்த இயந்திரம் படிப்பது?

“கம்ப்யூட்டர் இருக்குல்லா முதலாளி?” என்றார் கோமதிநாயகம்.

“அது பெட்டி வே. சத்தமே வராதது எப்படி மெஷின் ஆகும்?”

“மாவு பிசையற மெஷினையே படிக்கச் சொல்லுவோம்” என்றார் சிதம்பரதாணு. “இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கம்பெனி விவகாரம் அதுக்குத் தெரியாததா?”

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஏன், கோமதிநாயகத்துக்கே பட்டது. மெஷினுக்குப் பொட்டு வைத்து, அறிக்கையின் முதல் பக்கத்தை அதன் முன்னால் பிடித்தார்கள். அரை மணி நேரம் போயிற்று. மெஷின் அசையவில்லை.

“வயசாயிட்டுல்லா, எழுத்து தெரியாது” என்று சிதம்பரதாணு தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மெஷினுக்கு மாட்டினார். அப்போதும் அது கம்மென்று இருந்தது.

மெஷின் ஓட்டும் இசக்கியம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். “கரண்டு போடாம அது எந்த வேலையைத்தான் செஞ்சிருக்கு முதலாளி?” என்று ஸ்விட்சைத் தட்டினாள்.

தொங்கிக்கொண்டிருந்த நூல் நுனியை மெஷின் கவ்விக்கொண்டது. முதல் பக்கம் போயிற்று. அதன் பின்னால் இரண்டாம் பக்கம். ஒரே நூலாயிற்றே, முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கமும் வரிசையாக உளுந்து மாவுக்குள் போய்ச் சேர்ந்தது. கண்ணாடியும் போயிருக்கும், இசக்கியம்மாள் பிடுங்கிவிட்டாள்.

“பதினோரே நிமிஷம்!” என்றார் சேர்மன், கண் கலங்க. “நான் ரெண்டாம் பக்கத்திலேயே தூங்கிருவேன் வே.”

கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அந்த அறிக்கையை முதலிலிருந்து கடைசி வரை முடித்தது அந்த மெஷின் ஒன்றுதான் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

கோமதிநாயகம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “வேற பிரதி இல்லையே முதலாளி! இனி எதை அனுப்ப?”

“அறிக்கை எங்கேயும் போகலையே, மாவுக்குள்ளதான இருக்கு” என்றார் சிதம்பரதாணு. “ஒரே அளவுன்னு மூணாவது விதி சொல்லுது. அஞ்சு அங்குலத்துல தேய்ச்சா ஆளுக்கு ஒண்ணு.”

நாலாயிரத்துச் சொச்சம் அப்பளம் மொட்டைமாடியில் காய்ந்தது. ஒரு காக்கா வந்து இரண்டைக் கொத்திக்கொண்டு போனது. சேர்மன் ஆடிப்போய்விட்டார். “முதலீட்டாளருக்கு முன்னாலயே காக்காவுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சே! அது போய்ப் பங்கு வாங்கிட்டா?” அன்று முதல் மாடியில் கம்போடு இரண்டு பேர் காவல்.

ஆடிட்டர் வந்தார். ஓர் அப்பளத்தை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார். “இந்தக் கம்பெனி அறிக்கையில முதல் தடவையா அந்தப் பக்கம் தெரியுது” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கடைசி நாளுக்கு முந்தின நாள், எல்லாம் ஒரே நேரத்தில் கூரியரில் போயின. மேற்பார்வை அலுவலகத்துக்கும் ஒன்று.

அதன் பிறகு கோமதிநாயகம் தினமும் தபால்காரர் வரும் வழியிலேயே போய் நின்றார். நாலாம் நாள் அலுவலகத்தின் பதில் வந்தது. ‘அறிக்கை அப்பளமாக இருக்கக் கூடாது என்று விதிகளில் எங்கும் இல்லை. ஆகவே ஏற்கப்படுகிறது.’

அவர் மூச்சு விடுவதற்குள் மாமனாரின் போன்.

“மாப்ளே, பதினெட்டு வருஷமா உங்க அறிக்கையை வாங்கிப் பரண்லதான் போட்டேன். இந்த வருஷம்தான் ஒரு துணுக்கு விடாம முடிச்சிருக்கேன். நூலு மட்டும் பல்லுல மாட்டிக்கிச்சு. அடுத்த வருஷத்துக்குக் கொஞ்சம் மிளகு போடச் சொல்லுங்க.”

கோமதிநாயகம் சந்தோஷத்தில் அழுதேவிட்டார். முதலீட்டாளரின் கோரிக்கை அல்லவா, அப்படியே கூட்டத்தில் வைத்தார். விவாதம் மதியம் வரை நடந்தது.

“நஷ்டம் வந்தாலும் மிளகுதானா?” என்றார் சேர்மன்.

“நஷ்டத்துக்குப் பிரண்டை போடுவோம் அண்ணாச்சி. மருந்துன்னு சாப்பிட்டுருவாங்க” என்றார் சிதம்பரதாணு.

“சரி வே. லாபம் வந்தா?”

சிதம்பரதாணு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“லாபத்தை மட்டும் பொரிச்சே அனுப்பிருவோம் அண்ணாச்சி. பெருசாத் தெரியும்.”