இரண்டாவது ராசா

"இந்த நாய்க்கு மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்ல தாயி" என்றார் முத்திருளன்.

பஞ்சவர்ணம் நாயை ஒரு பார்வை பார்த்தாள். கண்மாய்க்கரை வேலமரத்தடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

உச்சி வெயில். அவளுடைய செம்மறிகள் ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு நின்றன. மந்தையின் இந்த ஓரத்தில் ஒரு நாய், அந்த ஓரத்தில் ஒரு நாய். அவற்றை யாரும் அங்கே படுக்கச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

முத்திருளனின் நாய், அவர் கையிலிருந்த நைலான் கயிற்றின் மறுமுனையில், அவருக்கு எட்டாத தூரமாகப் பார்த்து நின்றது. செவலை நிறம். இன்னும் ஆள் ஆகாத, குட்டியும் அல்லாத வயசு.

பஞ்சவர்ணம் அவரைவிட ரொம்பவே இளையவள். ஆனாலும் நாய் விஷயம் என்றால் அந்தப் பக்கத்து ஆட்டுக்கிடைக்காரர்கள் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். அவள் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. கேள்வியோடு போனவர்கள் ஏதாவது ஒரு வேலையைச் செய்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஓயாமல் குரைக்கிற நாயை ஒருத்தர் கூட்டிப் போனாராம். ஒரு நாள் முழுக்க நீங்க வாயைத் திறக்காம இருந்து பாருங்க என்றாளாம். அவர் கோபித்துக்கொண்டு வந்துவிட்டார். நாய் இன்னும் குரைத்துக்கொண்டிருக்கிறது. அவரும்தான்.

பங்குனியில் தொடங்கிய குறைகளை முத்திருளன் அடுக்கினார். மந்தையை ஓரமாக ஒதுக்கச் சொன்னால் நடுவில் புகுந்து இரண்டாகப் பிளக்கிறது. ஆட்டின் பின்னங்காலைக் கவ்வுகிறது. சீழ்க்கை அடித்தால் வருவதற்குப் பதிலாக உட்கார்ந்துகொள்கிறது. முந்தாநாள் ஆடெல்லாம் ஒருத்தர் கடலைக் காட்டுக்குள் இறங்கிவிட்டன, ஒரு குட்டிக்குத் தொடை கிழிந்துவிட்டது.

அவருடைய ஆடுகள் மச்சினனின் கிடையில்தான் சேர்ந்திருந்தன. மச்சினன் முடிவாகச் சொல்லிவிட்டான். கிடையில் ஒன்று இந்த நாய் இருக்க வேண்டும், இல்லையென்றால் மாமாவான இவருடைய ஆடுகள் இருக்க வேண்டும்.

அரிசி ஆலைக்காரர் ஒருத்தர் வாசல் காவலுக்கு நாய் கேட்டிருந்தார். ஆலை வாசலில் ஒரு சங்கிலி காலியாகக் கிடந்தது. அந்தச் சங்கிலிக்குப் போன நாய் எதுவும் அதற்கப்புறம் ஓடி முத்திருளன் பார்த்ததில்லை.

ஆலைக்குப் போகிற வழியில்தான் இங்கே வந்திருந்தார். தேறுமா தேறாதா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். தேறாது என்று இவள் வாயால் வந்துவிட்டால் பாவத்தில் பாதியை இவள் தலையில் இறக்கிவிட்டு நிம்மதியாகப் போகலாம்.

"பேரு என்ன?" என்றாள் பஞ்சவர்ணம்.

"ராசா."

"நாயைக் கேட்டேன்ண்ணே. இந்த நாயோட பேரு."

"அதான் தாயி. ராசா."

"அரபு நாட்டுல நீங்க வச்சிருந்த நாயும் ராசாதானே?"

முத்திருளன் கண்மாயைப் பார்த்தார். வேறு பேர் வாய்க்கு வரவில்லை என்றார்.

பஞ்சவர்ணம் வெங்காயத்தை ஒதுக்கி வைத்தாள். கையைக் கழுவினாள். கயிற்றை வாங்கி, அதை இழுக்காமல் மடியில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

சுமார் ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆனது. நாய் தானாக வந்து அவள் முழங்காலை மோந்தது.

வெறிநாய் ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டாள். போட்டிருக்கிறது என்றார். காதுமடலைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே உண்ணி, பயறு பயறாக. வேப்பெண்ணெய் தொட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, சோப்புத் தண்ணீர் இருந்த டப்பாவில் போட ஆரம்பித்தாள். நாய் முதலில் உதறியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டது.

முத்திருளனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இதைக்கூட அவர் பார்த்திருக்கவில்லை.

"காலைப் பிடிங்கண்ணே" என்றாள்.

முன்னங்காலைப் பிடித்தார். இந்த நாயின் காலைப் பிடிப்பது இதுதான் முதல் தடவை. விரலுக்கு நடுவே சூடாக இருந்தது, உள்ளே நாடி ஓடுவது தெரிந்தது.

அவள் இடுப்பிலிருந்து முள்வாங்கியை எடுத்தாள். ஒரே இழுப்பு. சீமைக்கருவேல முள், முக்கால் விரல் நீளம்.

முத்திருளனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா தாயி, அதான் உக்காந்துக்கிட்டுச் சண்டித்தனம் பண்ணியிருக்கு."

"இது நேத்துக் குத்துன முள்ளுண்ணே. நீங்க பங்குனியிலருந்து குறை சொல்றீக."

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கிப்போனது.

அவள் மறுபடியும் காதுக்குப் போனாள். போகிற போக்கில், "அந்த ராசா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று முத்திருளன் வருஷக்கணக்காகக் காத்திருந்தார். வீட்டில் யாரும் கேட்பதில்லை. அவர் ராசா என்று வாயைத் திறந்தாலே மனைவிக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும்.

அவர் சொல்ல ஆரம்பித்தார்.

மதுரையில் ஒரு பிஸ்கட் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர் அவர். சாதியில் கோனார் என்றாலும் ஆட்டை அதுவரை குழம்பில்தான் பார்த்திருந்தார். ஆடு மேய்க்கத் தெரியுமா என்று அரபு நாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் கேட்டதற்கு, பரம்பரைத் தொழில் என்று கூசாமல் அடித்துவிட்டார். கொண்டுபோய் ஒரு மணல்காட்டில் இறக்கிவிட்டார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு மரம் இல்லை. ஒரு கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஆடுகள், ஒரு நாய்.

அதுவரை அங்கே இருந்தவர் இத்ரீஸ் என்ற சூடான்காரர். இவருக்கு அரபி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் நாயைக் காட்டினார், ஆட்டைக் காட்டினார், இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்துக் காட்டினார். நாயைக் கட்டிப்பிடித்து அழுதார். இவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

"மொத நாளு ஆடு பூராவும் செதறிப்போச்சு தாயி. எனக்கு என்ன பண்ணன்னே தெரியல. மணல்ல உக்காந்து அழுதேன்."

பஞ்சவர்ணம் உண்ணி எடுப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த நாய் போயி ஆட்டையெல்லாம் கூட்டிக்கிட்டு வந்துச்சு. கொட்டகையில அடைச்சுச்சு. அப்புறம் எங்கிட்ட வந்து முதுகை ஒட்டி உக்காந்துக்கிச்சு. மூஞ்சியப் பாக்காது. நக்காது. சும்மா ஒட்டி உக்காந்துக்கிரும். நான் எந்திரிக்கிற மட்டும் அதுக்கு வேற சோலியே இல்லாத மாதிரி."

அந்த உடம்பின் சூடு இப்போதும் தன் முதுகில் இருக்கிறது என்று சொல்ல நினைத்தார். சொன்னால் சிரிப்பாளோ என்று விட்டுவிட்டார்.

காலையில் எந்தப் பக்கம் போவது என்று அவர் முழித்துக்கொண்டு நிற்பாராம். ராசா முன்னால் கொஞ்ச தூரம் போகும். திரும்பிப் பார்க்கும். இவர் வரவில்லை என்றால் திரும்பி வந்து, மறுபடியும் முன்னால் போகும். எத்தனை தடவையானாலும் அதற்குச் சலிப்பு கிடையாது. பொழுது சாய்ந்தால் மணல் ஆறும். குபூஸ் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து ஒன்றை அதற்குப் போடுவார். இவருக்குத் தெரிந்த பழைய பாட்டையெல்லாம் அது ஒன்றுதான் உட்கார்ந்து கேட்டது. அந்த இடத்தை அப்போது அவர் வாய் ஓயாமல் சபித்தார். இப்போது கண்ணை மூடினால் அங்கேதான் போய் நிற்கிறார்.

"அதோட புத்தியச் சொல்லவா தாயி? அந்தச் சூடான்காரரு சீழ்க்கை இருக்கே, அது லேசுல வராது. நான் தப்பா அடிச்சா ராசா அசையவே அசையாது. உக்காந்து என்னையே பாக்கும். மறுபடி அடிப்பேன். மறுபடி பாக்கும். சரியா அடிச்சேன்னு வையி, அம்பா ஓடும். அப்படி ஒரு நாயி."

"அடிங்க, கேப்போம்."

முத்திருளன் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தார். நல்ல சீழ்க்கைதான். பஞ்சவர்ணத்தின் நாய்கள் இரண்டும் தலையைத் தூக்கின. ஆடுகள்கூடக் கொஞ்சம் அசைந்தன.

செவலை வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு உட்கார்ந்தது. உட்கார்ந்து அவரையே பார்த்தது.

"இப்படித்தான் பாக்குது" என்றார் அவர் சலிப்போடு.

பஞ்சவர்ணம் விரலில் வேப்பெண்ணெய் தொட்டுக்கொண்டாள். அடுத்த காதைத் திருப்பினாள்.

இனிமேல் சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் முத்திருளன் நினைத்தார். ஆனால் பேச்சு நிற்கவில்லை. வீட்டில்கூடச் சொல்லாத இடத்துக்கு அது தானாகப் போய்விட்டது.

"நான் கெளம்புன அன்னிக்கு, வண்டி பின்னாடி ஓடி வரும்னு நெனச்சேன். இத்தன வருசம் ஒண்ணா இருந்துருக்கோம். கொஞ்ச தூரம் வந்துச்சு. நின்னுருச்சு. எனக்குப் பதிலா நேபாளக்காரன் ஒருத்தன் வந்திருந்தான். பச்சப்புள்ள மாதிரி மெரண்டுபோயி மணல்ல நின்னான். அவங்கிட்டப் போயிருச்சு தாயி. ஒரு தடவ திரும்பிக்கூடப் பாக்கல."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று கழுத்தையும் சேர்த்துத் துடைத்தார்.

கடைசி உண்ணி டப்பாவில் விழுந்தது. பஞ்சவர்ணம் டப்பாவை மூடினாள்.

"அந்த நாய்க்கு யாருண்ணே சொல்லிக்குடுத்தது?"

நான்தான் என்று சொல்லியே முத்திருளனுக்குப் பழக்கம். டீக்கடையில், சம்பந்தி வீட்டில், ஆட்டுச் சந்தையில், எங்கேயும் அப்படித்தான் சொல்லிவந்தார். இப்போதும் வாயைத் திறந்தார்.

திறந்த வாயில் வேறு பதில் வந்தது. "சூடான்காரரு."

"உங்களுக்கு?"

ஆடு ஒன்று செருமியது. கண்மாயில் காற்று புரண்டு அடங்கியது.

முத்திருளன் கொஞ்ச நேரம் செவலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் கண்ணை எங்கே பார்த்தோம் என்று யோசித்தார். மணலில் மிரண்டு நின்ற நேபாளக்காரனின் கண், வண்டியின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தது.

பஞ்சவர்ணம் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். போகலாம் என்று அர்த்தம்.

அவர் எழுந்தார். வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

"இது தேறுமா தேறாதான்னு நீ சொல்லவே இல்லயே தாயி."

"அந்த நேபாளக்காரன் தேறுனானாண்ணே?"

"அது எனக்கெப்படித் தெரியும்? தேறியிருப்பான்." அவர் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார். "ராசா அவனை விட்டிருக்காது."

சொன்னதைத் தன் காதாலேயே கேட்டவர், ஒரு செருப்போடு அப்படியே நின்றார்.

பஞ்சவர்ணம் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

கண்மாய்க்கரை இறங்கினால் தார்ரோடு. வலது பக்கம் போனால் ஆலை, இடது பக்கம் போனால் மச்சினனின் கிடை. ரோட்டோரம் வந்ததும் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. செவலை வெடுக்கென்று பின்வாங்கி, புழுதியில் உட்கார்ந்துகொண்டது.

முத்திருளன் பழக்கதோஷத்தில் விரலை வாய்க்குக் கொண்டுபோனார். பிறகு கையை இறக்கிக்கொண்டார்.

கயிற்றைத் தளர விட்டு, இடது பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தார். திரும்பிப் பார்த்தார். நாய் எழவில்லை.

திரும்பி வந்தார். எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதன் முகத்தைப் பார்க்காமல், முதுகை ஒட்டிப் புழுதியில் உட்கார்ந்தார்.

சைக்கிளில் வந்த ஒருத்தர் வண்டியை மெதுவாக்கி, என்ன பெரியவரே உடம்புக்கு முடியலையா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் முத்திருளன்.

நாய் எழுந்திருக்கிற மட்டும் அவருக்கு வேறு சோலி இல்லை.