புன்னைக் கதவின் தாழ்ப்பாள்

விளக்கு வைத்த பிறகு முற்றத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

‘டப்’ என்று ஒன்று. நாலு மூச்சு விடும் நேரம் கழித்து இன்னொன்று. யாரோ முழங்காலில் வைத்துச் சுள்ளி முறிப்பது போல.

பெனிற்றா குழந்தையை அள்ளிக்கொண்டாள். தண்ணீர்க் குடத்தை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். அந்தக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் கிடையாது.

விடிந்ததும் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கன்னியர் மடத்துக்கு ஓடினாள்.

மடத்தின் பின்பக்கம் சிஸ்டர் ரெமிஜியா மண்ணில் உட்கார்ந்து, மரம் அறுக்கும் மெஷினின் சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கியெல்லாம் எண்ணெய்க் கறை. புயலில் சாய்ந்த மரங்களை அறுக்க ஆள் கிடைக்காதபோது அவளே மெஷினைக் கையில் எடுத்தாள். அன்றிலிருந்து ஊருக்கு அவள் மெஷின் சிஸ்டர். பள்ளியில் பெனிற்றாவுக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள்.

“சிஸ்டர், இந்தப் பயம் எப்போ போகும்?”

“என்ன பயம்க்கா?”

“முற்றத்துல யாரோ நிக்கிறாங்க. எட்டிப் பார்த்தா ஒருத்தரும் இல்ல. சத்தம் மட்டும்.”

“தாழ் போட்டுப் படுக்க வேண்டியதுதானே?”

“தாழ்ப்பாள் எங்க இருக்கு? கல்யாணமான வாரமே அவரு கழத்திட்டாரு. ‘கடலுக்குப் போறவன் எந்நேரம் கரைக்கு வருவானோ, நீ தூக்கத்துல எழும்ப வேண்டாம்’னு.”

“அண்ணன் போய் எத்தனை நாளாச்சு?”

“வர்ற வெள்ளியோட எட்டு மாசம்.”

அரம் நின்றது.

“வந்துருவாரு,” என்றாள் பெனிற்றா.

அவள் கணவன் எரோணிமூஸின் படகில் கூடப் போன மூன்று பேருக்கும் கோவிலில் இறந்தோர் பூசை நடந்து முடிந்துவிட்டது. அவன் பெயரை மட்டும் அவள் கொடுக்கவில்லை.

அரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

*

மதியம் சிஸ்டர் வீட்டுக்கு வந்தாள்.

முற்றத்தின் குறுக்கே புன்னை மரம் கிடந்தது. படகைக் கொண்டுபோன அதே புயல் சாய்த்த மரம். விழும்போது அதன் கிளை ஒன்று கதவையும் பிளந்திருந்தது. கிளைகளைக் கழித்து, தூரை அறுத்து, அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

சிஸ்டர் மண்டியிட்டு, அறுத்த முகத்தில் காதை வைத்தாள்.

‘டப்.’

“இதுதான் உங்க திருடன். மரம் காயுது. காயும்போது வெடிக்கும்.”

“விழுந்து எட்டு மாசமாச்சே. இன்னுமா?”

சிஸ்டர் மரத்தின் விலாவைக் காட்டினாள். அங்கே விரல் நீளத்துக்கு ஒரு தளிர்.

“விழுந்தது அதுக்கே இன்னும் முழுசாத் தெரியலக்கா.”

பெனிற்றா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல.”

“இந்த மரத்துலயே புதுக் கதவு செஞ்சிரலாம். வீட்டுல ஏணி இருக்கா?”

*

மறுநாள் காலை மரத்தின் முதுகில் ஏணியைப் படுக்க வைத்து ஆணி அடித்தார்கள். மெஷினின் நீள வாளில் சிஸ்டர் ஓர் இரும்புச் சட்டத்தை மாட்டினாள். சட்டம் ஏணிமேல் வழுக்கிக்கொண்டு போகும். கீழே வாள் படுத்தபடி அறுத்துக்கொண்டு வரும்.

எதிர்வீட்டு ரோஸ்லெட் வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்தாள்.

“யேசுவுக்கு அப்புறம் தச்சு வேலைக்கு நம்ம ஊருல இவங்கதான்!”

“கூலிக்கு வர்றியா ரோஸ்லெட்? சொர்க்கத்துல சம்பளம்,” என்றாள் சிஸ்டர்.

“அவ்வளவு தூரம் பஸ் இல்ல சிஸ்டர்.”

பெனிற்றாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் யாரோ பார்த்துவிட்டது போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏணி எதுக்கு? மரம் நேராத்தானே கிடக்கு?”

“கண்ணுக்கு நேர். மெஷினை மேல வெச்சு ஓட்டுனாத் தெரியும் அதோட கோணல்.”

முதல் அறுப்பு முடிந்தது. மேல்தோல் முழுக்க ஒரே சீவலாகக் கழன்று விழுந்தது. உள்ளே சிவந்த மரம், மேசை போலத் தட்டையாக.

சிஸ்டர் ஏணியைத் தூக்கிச் சுவரில் சாத்தினாள்.

“இனி ஏணி வேண்டாமா?”

“முதல் அறுப்புக்குத்தான். இனி அறுத்த இடமே வழி காட்டும்.”

மூன்றாவது பலகையில் மெஷின் அலறியது. தீப்பொறி பறந்தது. சங்கிலி நின்றது.

நெம்பிப் பார்த்தார்கள். மரத்துக்குள்ளே, பாதியாய் அறுபட்ட ஓர் ஆணி வெள்ளிப் பொட்டுப் போல மின்னியது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மரம் மை கொட்டியது போலக் கறுத்திருந்தது.

“யார் அடிச்சது?”

“அவருதான். வலை காயப்போட. நான் தேடிட்டே இருந்தேன் சிஸ்டர், எங்க போச்சுன்னு.”

“போகல. மேல மரம் வளர்ந்து மூடிட்டு.”

பெனிற்றா ஓடிப்போய்க் குறடு எடுத்து வந்தாள். இழுத்தாள். கால் ஊன்றி இழுத்தாள். அசையவில்லை.

“பிடுங்கினா பலகை பிளந்துரும்க்கா.”

“அப்போ அது உள்ளேயே இருக்கட்டும்னா?”

சிஸ்டர் மெஷினைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். நிழலில் உட்கார்ந்து, மழுங்கிப்போன சங்கிலிப் பற்களை ஒவ்வொன்றாகத் தீட்டினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

*

சாயங்காலம் பலகைகளை வீட்டின் நிழலில் அடுக்கினார்கள். பெனிற்றா ஒன்றின்மேல் ஒன்றாய் ஒட்டி வைத்தாள். சிஸ்டர் அவற்றைப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே மெல்லிய குச்சிகளைக் கொடுத்தாள்.

“ஒட்டி வெச்சா உள்ளுக்குள்ள பூசணம் பூத்து அழுகிரும். காத்து போக வழி விடுங்க.”

“கதவு எப்போ ஆகும்?”

“அங்குலத்துக்கு ஒரு வருசம். இது ஒன்றரை அங்குலம்.”

“என் பயம் அதுவரைக்கும் காத்துட்டு இருக்குமா?”

“அது எங்கயும் போகாது. நீங்க குச்சியை எடுங்க.”

ஒரு மழைக்காலம் போயிற்று. இன்னொன்று வந்தது. குழந்தை பேசப் பழகி, “அப்பா எங்க?” என்று கேட்கப் பழகி, கேட்காமல் இருக்கவும் பழகியது.

முற்றத்தில் சத்தம் நின்றுபோனதை ஒருநாள் பெனிற்றா கவனித்தாள். எப்போது நின்றதென்று தெரியவில்லை. பயம் நிற்கவில்லை. பொழுது சாய்ந்தால் குடம் கதவுக்குப் போனது.

*

ஒன்றரை வருடம் கழித்து சிஸ்டர் வந்து கதவைக் கோத்தாள். ஆணி இருந்த பலகை நடுவில், உள்பக்கமாய் வந்தது.

கடைசியில் புதுத் தாழ்ப்பாளைக் கையில் எடுத்தாள்.

“எந்தப் பக்கம்க்கா?”

“வெளிய.”

“உள்ளே?”

“உள்ளே வேண்டாம். அவரு வந்தா...”

சிஸ்டர் திருப்புளியை எடுத்தாள். நாலு திருகாணி போட்டுத் தாழ்ப்பாளை வெளியே பொருத்தினாள். சாமான்களை எடுத்துப் பையில் போட்டாள். படி இறங்கினாள். திரும்பி வந்து, பெனிற்றாவும் குழந்தையும் உள்ளே இருக்க, கதவைச் சாத்தி வெளியிலிருந்து தாழ் போட்டாள்.

“சிஸ்டர்?”

பெனிற்றா கதவை இழுத்துப் பார்த்தாள்.

“சிஸ்டர், விளையாடாதீங்க. கதவத் திறங்க!”

“அவரு வந்து திறக்கட்டும்,” என்றது வெளியிலிருந்து குரல்.

குழந்தை அழ ஆரம்பித்தது. பெனிற்றா கதவை உலுக்கினாள். ஒன்றரை அங்குலப் புன்னை. இம்மி நகரவில்லை. கையால் அறைந்தாள்.

“ரெமீ! புள்ள பயப்படுதுடீ! திற!”

“அவரு எப்போ வருவாரு?”

“வருவாரு!”

“எப்போக்கா?”

மறுபடி அறைந்தாள். உள்ளங்கையில் ஏதோ சில்லென்று பட்டது. ஆணி. மரம் அதை இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

வெளியே வெகு தூரத்தில் கடல் கேட்டது. குழந்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது.

“ரெமி.”

“ம்.”

“அவரு வரமாட்டாருடீ.”

தாழ்ப்பாள் விலகியது.

கதவு திறந்தபோது சிஸ்டர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் திருப்புளி. நாலு திருகாணியையும் கழற்றி, தாழ்ப்பாளோடு சேர்த்துப் பெனிற்றாவின் கையில் வைத்தாள்.

பெனிற்றா உள்ளே போய்த் தானே திருகினாள். மரம் இறுகிப்போயிருந்தது. ஒவ்வொரு திருகாணிக்கும் இரண்டு கையாலும் பலம் கொடுக்க வேண்டியிருந்தது. சிஸ்டர் படியில் நின்று பார்த்தாள். உதவிக்கு வரவில்லை.

“கோணலா இருக்கோ?”

“கொஞ்சம்.”

“இருக்கட்டும்.”

இருட்டத் தொடங்கியிருந்தது.

“வரட்டுமாக்கா?”

“கேளு. ஞாயித்துக்கிழமைப் பூசைக்கு அவரு பேரை எழுதிக் குடுத்துரு.”

“முழுப் பேரு?”

“எரோணிமூஸ் அமல்ராஜ்.”

பெனிற்றா தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அடுக்களையில், அதன் இடத்தில் வைத்தாள். திரும்பி வந்தாள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைத் தள்ளினாள்.