ஏழு கங்கணம் போட்ட வைத்தியர்

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை வீரகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து அந்த அரண்மனையில் ஒரு சட்டம். ராஜாவை யாரும் கேள்வி கேட்கக்கூடாது! கேட்டால் கழுதைமேல் ஊர்வலம். என்ன சட்டமோ, போங்கள்!

அந்த ராஜாவுக்கு வயிற்று உபாதை வந்தது. சாப்பிட்டால் நெஞ்சு எரியும், மூச்சு முட்டும், தூக்கம் கிடையாது. பழைய அரண்மனை வைத்தியரோ காலமாகிவிட்டார். "உள்வியாதி பார்க்கிற நல்ல வைத்தியராகத் தேடுங்கள்" என்று உத்தரவு போட்டார்.

மந்திரி அம்பலவாணர் ராஜாவோடு சின்ன வயதிலிருந்து கூடி விளையாடியவர். ராஜா முகம் வாடினால் இவருக்குச் சோறு இறங்காது. தெருத்தெருவாகப் போனார். "வயிற்றுவலி வந்தால் யாரிடம் போவீர்கள்?" என்று வீட்டுக்கு வீடு கேட்டார். பாதி ஊர் தையல்நாயகி அம்மாளைச் சொன்னது. மந்திரி அதோடு விடவில்லை. அந்த அம்மாளிடமே போய், "உங்களை நான் எப்படி நம்புவது?" என்று கேட்டார்.

"நாவல்மலையில் என் குரு இருக்கார், அவரைக் கேளுங்க. என் கையில் பிழைக்காம போனவங்க வீட்டிலும் போய்க் கேளுங்க" என்றாள் அவள்.

மந்திரி இரண்டையும் செய்தார். பிழைக்காதவர் வீட்டில், "தீராதுன்னு முதல்லயே சொல்லிட்டாங்க, ஆனா கடைசிவரைக்கும் வந்து பார்த்தாங்க" என்றார்கள். குருவோ சிரித்தார். "பன்னிரண்டு வருஷம் என்னிடம் படித்தவள். வித்தையில் குறை இல்லை. என்ன, கேள்வி கேட்டே ஆளைத் துளைத்துவிடுவாள்!"

மந்திரிக்குப் பகீரென்றது. ராஜாவைக் கேள்வி கேட்கிற வைத்தியரை எப்படி அரண்மனைக்குள் கூட்டிப்போவது?

அதற்குள் படையை நடத்தும் தண்டநாயகர் உத்தண்டராயர் முந்திக்கொண்டார். மந்திரிக்கு இருக்கும் செல்வாக்கைப் பார்த்துப் பொருமுகிற ஆள். அவர் பல்லக்கில் கொண்டுவந்து இறக்கிய வைத்தியருக்குச் சர்வானந்தர் என்று பெயர். கைகளில் ஏழு தங்கக் கங்கணங்கள்.

"ஏழு ராஜாக்கள் என் வைத்தியத்தை மெச்சிப் போட்டவை! நோயாளியை நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். நாடியைத் தொட்டால் போதும்!"

"பேஷ்! இவரல்லவோ வைத்தியர்!" என்றார் ராஜா.

சர்வானந்தர் நாடியைத் தொட்டார், கண்ணை மூடினார். "குடலில் அக்கினி குந்தியிருக்கிறான். நாளை மறுநாள் முதல் ரசபஸ்பம்!"

ரசபஸ்பம் என்றால் பாதரசம். பக்குவம் தெரியாதவன் கொடுத்தால் நோயோடு ஆளும் போய்விடுவான். மந்திரி முன்னால் வந்தார். ராஜாவின் காதருகே குனிந்தார்.

"மகாராஜா, நாளைக்கு என் வீட்டில் ஒரு வேடிக்கை. நான் நோயாளியாகப் படுத்துக்கொண்டு இரண்டு வைத்தியர்களைக் கூப்பிடுகிறேன். தாங்கள் என் மைத்துனர் வேஷத்தில் வந்து பாருங்கள்."

வேஷம் என்றதும் ராஜா குஷியாகிவிட்டார்.

மறுநாள் பத்து இட்லியை ஒரு கை பார்த்துவிட்டு, மந்திரி கட்டிலில் படுத்து முனகினார். சர்வானந்தர் வந்தார், நாடியைத் தொட்டார். "குடலில் அக்கினி! ரசபஸ்பம்!"

"ஐயோ! உங்கள் கங்கணத்தைப் பார்த்தால்தான் தெம்பு வருகிறது. போட்ட ராஜாக்கள் ஏழு பேரும் சௌக்கியம்தானே?"

"அவர்களா? எல்லாரும் சிவலோகப் பதவி அடைந்துவிட்டார்களே!" என்றார் வைத்தியர் பெருமையாக.

மூலையில் நின்ற மைத்துனருக்கு வியர்த்துக் கொட்டியது.

சர்வானந்தர் போனதும் தையல்நாயகி வந்தாள். மந்திரியின் நாக்கைப் பார்த்தாள், வயிற்றை அழுத்தினாள், அடுக்கடுக்காகக் கேட்டாள்.

"எழுந்திருங்க ஐயா. உங்களுக்கு ஒரு கேடும் இல்லை. நெஞ்சைத் தடவிக்கிட்டு நிக்கிறாரே உங்க மைத்துனர், அவருக்குத்தான் உடம்பு சரியில்லை." அவர் பக்கம் திரும்பினாள். "என்ன தம்பி, சாப்பிட்டீங்களா?"

ராஜா நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். நாட்டில் எந்தப் பிச்சைக்காரனையும் யாராவது கேட்கிற கேள்வி! அவருடைய தாயார் போன பிறகு அவரை ஒருவரும் கேட்டதில்லை.

"சாப்பிட்டேன் அம்மா."

"எவ்வளவு?"

"போட்டதையெல்லாம்."

"போதும்னு சொல்றதுதானே?"

"போதுமா என்று யாரும் கேட்பதில்லையே! அவர்கள் போட்டுக்கொண்டே இருப்பார்கள். இலையில் மிச்சம் வைக்கக்கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்தாள்..."

மந்திரி தலையில் கைவைத்துக்கொண்டார். அடப்பாவமே! சமையல்காரன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வியாதியே வந்திராது!

அவள் ராஜாவின் நாடியைப் பார்த்து, வயிற்றை நிதானமாக அழுத்திப் பார்த்தாள். "மூணு நாள் கஞ்சியும் சீரகத் தண்ணியும். குறையலைன்னா மருந்து தர்றேன்" என்றாள்.

பஸ்பத்தைத் தொடாமல் கஞ்சி குடித்த ராஜா, மூன்றாம் நாள் குழந்தைபோலத் தூங்கினார். நாலாம் நாள் சபை கூடியது.

"உத்தண்டராயரே, அந்த வைத்தியரைப் பற்றி எங்கே விசாரித்தீர்?"

"கங்கணத்தைப் பார்த்தேன், மகாராஜா..." என்று அவர் அசடு வழிந்தார்.

"சர்வானந்தரே, உம்முடைய பஸ்பத்தை நீரே ஒரு வேளை சாப்பிட்டுக் காட்டும்!"

அவ்வளவுதான்! சர்வானந்தர் பல்லக்கைக்கூட மறந்து, தலைதெறிக்க ஓடினார். உத்தண்டராயருக்குப் புது வேலை கிடைத்தது. ராஜா சாப்பிடும்போது பக்கத்தில் நின்று, ஒவ்வொரு கரண்டிக்கும் "போதுமா?" என்று கேட்க வேண்டும். கேள்விச் சட்டமும் அன்றோடு ஒழிந்தது.

ராஜா தையல்நாயகிக்குத் தங்கக் கங்கணம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இப்ப வேண்டாம் மகாராஜா. அடுத்த பொங்கலுக்குப் போடுங்க. உயிரோட இருக்கிற ராஜா போட்டதுன்னு நானும் சொல்லிக்கலாம்!"

சபை குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அம்பலவாணர் எழுந்தார். முப்பது வருஷமாக நாக்கு நுனியில் நின்ற கேள்வியைக் கேட்டார்.

"மகாராஜா, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு, அம்பலவாணா" என்றார் ராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ சாப்பிட்டாயா?"

அவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நீங்களும் போய் இலையைப் போடுங்கள். போதும் என்றால் மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்!