ஊதாத சங்கு

கடலோர ஊர் ஒன்றில் புயலுக்கு அபாயச் சங்கு வைத்திருந்தார்கள். கம்பத்தில் ஒலிபெருக்கி, அடியில் சின்ன அறை, அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர். எச்சரிக்கை வந்ததும் சங்கு தானாக ஊத வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த அன்றைக்கு ஊதவில்லை. புயல் தெரியாமல் கடலுக்குப் போன மீனவர் லூர்து போனதுதான், திரும்பவில்லை.

சங்கை ஊதவைக்கும் நிரலை, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமை, எழுதியவர் வைரவன். வங்கி வேலையை விட்டுவிட்டு நாற்பது வயதுக்குமேல் இந்தத் தொழிலுக்கு வந்தவர். அவருக்குத் தொழில் சொல்லித்தந்த மாதங்கி அவரைவிட இளையவள். ஆபீசில் அவளை எல்லோரும் குரு என்பார்கள். பாதி கேலி, பாதி நிஜம்.

இருவரும் அந்த அறைக்கு வந்தார்கள். சாவி லூர்துவின் மனைவி பிலோமியிடம் இருந்தது. திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"ஆபீசுல சோதிச்சுப் பார்த்துத்தான் இங்க அனுப்பினேன், மேடம்," என்றார் வைரவன். " என் லேப்டாப்ல நல்லா ஊதுச்சு."

மாதங்கி நிரலின் அமைப்பு விவரங்கள் இருந்த கோப்பைத் திறந்து ஒரு வரியைக் காட்டினாள்.

"சத்தமா வாசிங்க."

"ஹோம், வைரவன், ஒலிகள், சங்கு."

"எங்க ஊரு சங்குல உங்க பேரு எதுக்குங்க?" என்றாள் பிலோமி.

மாதங்கிதான் சொன்னாள்.

"சங்குச் சத்தம் எங்க இருக்குன்னு கம்ப்யூட்டருக்கு வழி சொல்ற வரிங்க இது. இவர் தன்னோட லேப்டாப்ல அது இருக்கற இடத்தை எழுதிட்டார். இந்தக் கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு இடமே கிடையாது."

"அப்ப சத்தம்?"

"இதுக்குள்ளயேதான் இருந்துச்சு. நிரலுக்குப் பக்கத்துலயே."

பிலோமி கம்பத்து ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது வைரவனுக்கு.

அவர் அந்த வரியின் முன்பாதியை அழித்தார். 'ஒலிகள், சங்கு' என்று மட்டும் விட்டார். ஓட்டும்போது நிற்கிற ஃபோல்டரிலிருந்து தேடிக்கொள்ளட்டும் என்று. நிரல் இருந்த ஃபோல்டருக்குள் போய் ஓட்டிப் பார்த்தார். சங்கு ஊதியது. சோதனைதான் என்று முன்பே சொல்லியிருந்தும் தெருவில் பெண்கள் வெளியே வந்து கடலைப் பார்த்தார்கள்.

"இப்ப சரிதானே, மேடம்?"

மாதங்கி சுவிட்சை அணைத்து மறுபடி போட்டாள். புயலில் கரண்ட் போய் வரும் அல்லவா, அதுபோல. கம்ப்யூட்டர் எழுந்தது, நிரலும் தானாக ஓடத் தொடங்கியது. அவள் சோதனை எச்சரிக்கை அனுப்பினாள். சங்கு ஊதவில்லை.

"இப்பத்தானே ஊதுச்சு!"

"நீங்க அந்த ஃபோல்டருக்குள்ள நின்னு ஓட்டினீங்க, அங்க இருந்து தேடுச்சு, கிடைச்சுது. தானா எழுந்திரிக்கும்போது அது வேற ஃபோல்டர்ல நிக்குது."

வைரவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"முழுசா எழுதினாலும் தப்பு, பாதி எழுதினாலும் தப்பு. பின்னே எங்க இருந்துதான் வழி சொல்றது?"

"நிரல் குடியிருக்கற இடத்துல இருந்து. முதல்ல அது தான் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு தெரிஞ்சுக்கட்டும், அங்க இருந்து தேடட்டும்."

அப்படியே மாற்றினார். மாதங்கி சுவிட்சை அணைத்துப் போட்டு எச்சரிக்கை அனுப்பினாள். சங்கு ஊதியது. மறுபடி அணைத்துப் போட்டாள். ஊதியது. பிலோமி முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

வைரவன் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு வரி மேடம். இது எனக்கு ஏன் அப்பவே தோணலை?"

"இந்த ஊருக்கு நீங்க இன்னைக்குத்தானே வந்திருக்கீங்க," என்றாள் மாதங்கி.