ஒரே அடுப்பு

செங்கல் சூளை முதலாளி தெய்வசிகாமணி செருமினால் போதும், வேலையாட்கள் குடியிருக்கும் பதினாலு கொட்டகையும் மூச்சு விடாது. அப்பேர்ப்பட்ட சூளைக்கு, மத்திய அரசின் குடும்ப வருமானக் கணக்கெடுப்புக்காக ஓர் அம்மா வந்தார். கொட்டகைகளைத் தனித்தனிக் குடும்பம் என்று எழுதினால் ஒவ்வொருவருக்கும் கூலி எவ்வளவு என்று கேட்பார்களே, கொடுக்கும் சொற்பம் வெளியே வந்துவிடுமே! முதலாளி முந்திக்கொண்டார்.

“எல்லாரும் என் குடும்பம்தாம்மா.”

“ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிட்டாத்தான் ஒரே குடும்பம்னு எழுதுவோம், சார்.”

“ஒரே அடுப்புதான். இவளையே கேளுங்க.”

பக்கத்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த பூங்காவனத்தை அவர் முறைத்தார். ‘இல்லை’ என்று அவள் சொன்னால் இன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள் அவள்.

“முதலாளி சொன்னா சரிதாம்மா.”

அந்த அம்மா ‘ஒரு குடும்பம்’ என்று எழுதினார். பூங்காவனம் கொட்டகைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“பசங்களா, மணி ஒண்ணாச்சு! தட்டை எடுத்துக்கிட்டு முதலாளி வீட்டுக்கு ஓடுங்க. நம்ம அடுப்பு அங்கதான் இருக்குதாம்!”

முப்பது பிள்ளைகள் எதிரே இருந்த பங்களாவுக்குப் பாய்ந்தார்கள். முதல் பிள்ளை படியில் கால் வைத்ததுதான் தாமதம், முதலாளி தொண்டை கிழியக் கத்தினார்.

“ஏய், எவன்டா உள்ள போறது? உங்க அடுப்புல போய்த் தின்னுங்கடா!”

அந்த அம்மா எழுதியதை அடித்தார். புதுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு பூங்காவனத்திடம் திரும்பினார்.

“உங்க குடும்பத்துல எத்தனை பேரும்மா?”