வெத்தலைத் தொட்டிக்கு ஓடிப்போன தவளை

ஒரு மலை மேல ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு தவளை டாக்டர் இருந்தா. பேரு செல்லக்கிளி.

சிரிக்காத, நெசமாத்தான். மாட்டுக்கு டாக்டர் இருக்கும்போது தவளைக்கு இருக்கக் கூடாதா? எங்க, ம் சொல்லு பாப்போம்.

அந்த மலைல வருசம் பூரா மழை. சொட்டு சொட்டுனு சொட்டிக்கிட்டே இருக்கும். அங்க ஒரு ஓடை. ஓடை ஓரத்துல கட்டைவெரல் தண்டிக்கு பச்சைத் தவளைங்க. அந்த ஓடைய விட்டா ஒலகத்துல வேற எங்கயும் அதுங்க கெடையாது.

ஒரு வருசம் அதுங்களுக்குப் பூஞ்சைச் சீக்கு வந்துருச்சு. பூஞ்சைன்னா தோலுல ஒட்டிக்கிட்டு தோலத் தடிக்க வச்சிரும். தவளை வாயால தண்ணி குடிக்காது, தெரியுமா? தோலாலதான் குடிக்கும். தோலு கெட்டுச்சுன்னா தண்ணிக்குள்ளயே உக்காந்துக்கிட்டு தாகத்துல செத்துரும்.

செல்லக்கிளிக்கு மனசு கேக்கல. மிச்சம் இருந்த தவளைங்கள எல்லாம் புடிச்சு, வாளில ஈரத்துணி போட்டு வீட்டுக்குக் கொண்டாந்துட்டா. ஓடை மண்ணும் சருகும் போட்டு முன் ரூம் முழுக்கக் கண்ணாடித் தொட்டியா அடுக்கிட்டா.

அவ புருசன் பூவலிங்கம் எட்டிப் பாத்தான்.

"கிளி, இனிமே நான் எங்க உக்காந்து டிவி பாக்குறது?"

"கொஞ்ச நாளைக்கு அடுப்படில உக்காருங்க."

சரின்னு போயிட்டான். நல்ல மனுசன்.

அப்புறம் அவ வைத்தியத்த ஆரம்பிச்சா. மொதல்ல மருந்துத் தண்ணில தவளைங்கள முக்கி முக்கி எடுத்தா. கொஞ்சம் தெம்பாச்சுங்க. அப்புறம் மறுபடியும் தோலு உரிய ஆரம்பிச்சுது.

ரெண்டாவதா, மண்ணு, சருகு எல்லாத்தையும் அள்ளித் தோட்டத்துல கொட்டிட்டு, தொட்டிய சரக் சரக்குனு தேய்ச்சா. காய்ச்சி ஆறவச்ச தண்ணில தவளைங்கள ஒண்ணொண்ணா கழுவினா. அவ சும்மாவே சுத்தக்காரி. பூவலிங்கம் காபி டம்ளரக் கீழ வச்சா, அவன் கைய எடுக்கறதுக்குள்ள கழுவிருவா! தவளைங்க பளிச்சுனு ஆச்சுங்க. ஆனா ஒண்ணுகூட குதிக்கல.

மூணாவதா, சூடு பட்டா பூஞ்சை ஓடிரும்னு பல்பு போட்டா. அதுங்க வாடிப்போயி மூலைல ஒடுங்கிக்கிச்சுங்க. காலைல எந்திரிச்சுப் பாத்தா ஒண்ணு ரெண்டு மல்லாந்து கெடக்கும். அதக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருப்பா.

தூங்கிட்டியா? ம்... சரி, கேளு.

அப்போ ஒரு நாள் தோட்டத்துல இருந்து பூவலிங்கம் கத்தினான். "கிளி! ஓடி வா! ஒன் ஆளு ஒருத்தன் இங்க குடியிருக்கான்!"

பின்பக்கம் ஒரு ஓட்டை டிரம்முல அவன் வெத்தலைக் கொடி வச்சிருந்தான். அவ கொட்டின ஓடை மண்ணையும் சருகையும் அள்ளி அதுக்குப் போட்டிருந்தான். சருக வெலக்கினா, ஒரு பச்சைத் தவளை! கொண்டாந்த அன்னைக்கே வாளில இருந்து குதிச்சு ஓடியிருக்கு, யாரும் கவனிக்கல. கொழுகொழுனு, வழவழனு இருக்கு. புடிக்கப் போனா, விசுக்! வழுக்கிக்கிட்டுப் போயி பூவலிங்கம் தலைல ஏறிருச்சு.

"இத மட்டும் எப்படிங்க சீக்கு விட்டு வச்சுது?"

"இது ஒண்ணுதான ஒன் கையில மாட்டல," அவன் வெளையாட்டாச் சொன்னான்.

அவளுக்குச் சுருக்குனு இருந்துச்சு. ஓடிப்போயி, பஞ்சுக் குச்சியால அந்தத் தவளை முதுகத் தடவி, கிருமி வளக்குற ஒரு தட்டுல தேய்ச்சு வச்சா. தொட்டித் தவளைங்களத் தடவி இன்னொரு தட்டுல வச்சா. நாள் போகப் போக மொதத் தட்டுல ஊதா ஊதாவாப் புள்ளி வந்துச்சு! அதெல்லாம் தவளைத் தோலுல குடியிருக்குற பாக்டீரியா. தனியா இருந்தா கண்ணுக்குத் தெரியாது, கூட்டமாச் சேந்தாத்தான் நெறம் தெரியும். பூஞ்சையக் கொண்டாந்து பக்கத்துல வச்சா, ஊதாப் பக்கம் அது எட்டிக்கூடப் பாக்கல. இன்னொரு தட்டுல ஊதாவே இல்ல.

"ஏங்க, அதுங்களுக்குக் காவலுக்கு இருந்ததையெல்லாம் நாந்தாங்க கழுவி விட்டுட்டேன்." சொல்லிட்டு அழுதுட்டா.

"நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்ச? இப்ப என்ன பண்ணணும், அதச் சொல்லு."

"இந்தத் தவளைய அதுங்களோட விடணும். ஒண்ணோட ஒண்ணு ஒரசினா அந்த ஊதாவும் ஒட்டிக்கும்."

"சரி. சீக்கு இதுக்கு ஒட்டிக்கிட்டா?"

நல்லா இருக்குறது அது ஒண்ணுதான். அவ தவளையப் பொத்தி வச்சுக்கிட்டு வாசலுக்கும் ரூமுக்குமா நடந்தா. அப்புறம் பல்ப அணைச்சா. டிரம்முல இருந்த மண்ணையும் சருகையும் அள்ளி ஒரு பெரிய தொட்டில போட்டா. எல்லாத் தவளையையும் அதுல விட்டா. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, கைய விரிச்சா.

தொளக்!

அது நேராப் போயி, சாகக் கெடந்த ஒண்ணு மேல ஏறி உக்காந்துக்கிச்சு.

அன்னைக்கும் ஒண்ணும் ஆகல, மறுநாளும் ஒண்ணும் ஆகல. அவளுக்குச் சோறு எறங்கல. அப்புறம் ஒரு நாள் காலைல, டொப்! கண்ணாடில ஒண்ணு குதிச்சு முட்டுது! அப்புறம் டொப், டொப்! எல்லாம் பொழைக்கல, பாவம். ஆனா பாதிக்கு மேல பொழைச்சுருச்சு.

மழை வலுத்தப்போ ரெண்டு பேருமாப் போயி அதுங்கள ஓடைல விட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சுப் பாக்கப் போனா, ஒரு எலை மேல கண்ணாடி மணி மாதிரி முட்டைங்க. அதுங்க மேல ஒரு அப்பாத் தவளை வயித்த வச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருக்கு.

"அய்யய்யோ, நசுக்கிரப் போறான்!"

"இல்லீங்க. தோலுல இருக்குறதப் புள்ளைங்களுக்குப் பூசுறான். அதுங்க பொறக்கறதுக்கு முன்னாடியே காவல் போடுறான்."

பூவலிங்கம் அசையாம நின்னு பாத்தான். மழை சோன்னு கொட்டுது. மெதுவாக் கொடைய நீட்டி அந்தத் தவளைக்குப் புடிச்சான்.

"ஏங்க, அவனே ஒரு தவளை!"

"அட, ஆமால்ல!" ன்னான். ஆனா கொடைய எடுக்கல.

தவளை எலைக்குப் போச்சு, கதை மலைக்குப் போச்சு, நீ தூக்கத்துக்குப் போ. கண்ண மூடு.