நானூற்று ஒன்றாவது கைநாட்டு

உப்பு முதலாளிகள் சங்கம் திவானிடம் ஒரு மனு கொடுத்தது. சிறு உப்புப் பாத்திகளையெல்லாம் சங்கமே எடுத்துக்கொள்ளட்டும் என்று உப்பளத் தொழிலாளிகளே கெஞ்சுகிறார்களாம். கீழே நானூறு கைநாட்டு. அதைச் சட்டமாக்கத் திவான் பேனாவை மையில் தோய்த்துவிட்டார்.

"அது பொய்ங்க எசமான்" என்றாள் கூட்டத்தில் நின்ற சந்தனமாரி. உப்பு வாருகிறவள்.

காவலர்கள் அவளை நெருங்கினார்கள்.

"இங்கேயே நிரூபி" என்றார் திவான். "முடியாவிட்டால், போன வருஷம் எதிர்த்துப் பேசியவனைத் தள்ளிய பாழுங்கிணறு இருக்கிறது."

அவள் மனுவின் அருகே வந்தாள். "நானும் ஒரு கைநாட்டு வைக்கிறேங்க."

"பயந்துட்டா! மையைக் கொடுங்க" என்று சிரித்தார், சங்கத்தாரோடு நின்ற தலைவர்.

மனுவின் அடியில் பெருவிரலை அழுத்தினாள். வெறும் கறுப்புப் பொட்டுதான் விழுந்தது. ரேகை ஒன்றுகூட இல்லை.

"உப்பு வாருற கையில ரேகை நிக்காதுங்க, அரிச்சிடும். உப்பளத்துல யார் கையை வேணா பாருங்க. இந்த நானூறுலயும் ரேகை பளிச்சுன்னு தெரியுதே, இது யார் கை?"

திவான் மெல்லத் தலையைத் திருப்பினார். காவலர்களும் திரும்பினார்கள்.

சங்கத்தார் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.